முழங்கைக்கு நாலு விரல் கீழே

சமையலறை மேடையின் உயரத்தைத் தீர்மானிக்கும் உரிமை உலகத்தில் ஒரேயொரு மூட்டுக்குத்தான் உண்டு. அது அந்த வீட்டுப் பெண்ணின் முழங்கை. அவள் நேராக நின்று கையை மடக்கினால் முழங்கை எங்கே வருகிறதோ, அதற்கு நாலு விரல் கீழே மேடை. மன்னர்கள் அரண்மனை கட்டியபோதும் இதுதான் விதி. பண்டாரவளையில் மாடிவீடு கட்டுகிறவர்கள் பேன்ட்ரி கபட் அடிக்கும்போதும் இதுதான் விதி. ஆணின் முழங்கைக்குச் சமையலறையில் எந்த அலுவலும் கிடையாது. அது மேசையில் ஊன்றிக்கொண்டு சாப்பாட்டுக்குக் காத்திருப்பதற்காகப் படைக்கப்பட்டது.

இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. பதுளையில் கட்டடப் படவரைவு படிக்கிறேன். வகுப்புக்கு வெளியே சுவரில் ஒட்டப்படும் கையெழுத்துப் பத்திரிகைக்கும் நானே ஆசிரியர். பத்திரிகையின் பெயர் ‘பெரட்டு’. தேயிலைத் தோட்டத்தில் காலையில் வேலையாட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடுவார்களே, அந்தப் பெரட்டு. எங்கள் பெரட்டில் பேர் கூப்பிடப்பட்டவர்கள் கொஞ்ச நாளைக்கு கென்டீன் பக்கம் தலைகாட்ட மாட்டார்கள்.

போன இதழில் ‘ரொட்டி தட்டும் ஆண்கள் சங்க’த்தின் வருடாந்தக் கூட்ட அறிக்கையை வெளியிட்டிருந்தேன். தலைவர் மாவுக் கையோடு கும்பிட்டதால் முன்வரிசை முழுக்கத் தும்மியது. ரொட்டி வட்டமாக இருக்க வேண்டும் என்ற தீர்மானம் ஒரு வாக்கில் தோற்றது. தலைவருக்குப் பேர் வைக்கவில்லை. ஆனால் அவருடைய மீசை, தோளில் கிடக்கும் துண்டு, ரொட்டி கருகும்போது “ஒண்ணும் ஆகல, ஒண்ணும் ஆகல” என்று ரொட்டிக்கே ஆறுதல் சொல்லும் பழக்கம் எல்லாம் எங்கள் அப்பாவுடையவை.

அப்பாவின் பெயர் புவனேந்திரன். பூனாகலைப் பக்கம் ஒரு தோட்டத்து பேக்டரியில் கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை. அம்மா கலா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய் ஆறு வருடமாகிறது. அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சமையல் அப்பாதான். நான் சனி ஞாயிறுகளில் பஸ் ஏறி வந்து சாப்பிடுகிறேன். அது என் பங்களிப்பு.

அம்மா ஒரு மாத லீவில் வரப்போகிறாள் என்று தெரிந்த அன்றே, குசினியை, எங்கள் சமையலறையை, மேடை கட்டிப் புதிதாக்கப்போவதாக அப்பா அறிவித்தார். லீவு முடிந்ததும் அம்மா இன்னொரு அக்ரிமென்ட்டில் கையெழுத்து வைத்துவிட்டுத் திரும்பப் போவாள் என்பதுதான் லயம் என்கிற தோட்டத்து வரிசைவீடுகள் முழுக்க எல்லோருக்கும் இருந்த நினைப்பு. அடுத்த வீட்டு நல்லம்மா அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்றே அதைப் போட்டு உடைத்துவிட்டாள்.

“அண்ணே, குசினியா கட்டுறீங்க, கூண்டா கட்டுறீங்க? கலாவப் புடிச்சு உள்ள வைக்கவா?”

“அட நீ வேற. பொகையில செவுரு கருத்துப்போச்சு. அதான்.”

“அது கருத்து எத்தன வருசம்! இப்பத்தான் கண்ணுல பட்டுச்சாக்கும்.”

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். பிறகு என்னிடம், “ஒரு நல்ல குசினி இருந்தா…” என்று ஆரம்பித்தார்.

“இருந்தா?”

“இருந்தா நல்லதுதானே,” என்று முடித்தார். அவர் அந்த வாக்கியத்தை வேறு இடத்துக்குக் கொண்டுபோகப் புறப்பட்டிருந்தார் என்பது எனக்கும் தெரிந்தது. ஆறு வருடமாகப் போனில் “ஒடம்பப் பாத்துக்க” என்பதற்கு மேல் அவர் அம்மாவிடம் எதையும் சொல்லி நான் கேட்டதில்லை.

எங்கள் குசினி, லயத்து வீட்டின் பின்பக்கம் தகரம் போட்டு இறக்கிய ஒன்று. தரையில் விறகடுப்பு. சுவர் முழுக்கக் கரி. விரலால் தொட்டால் விரல் பட்ட இடம் தனியாகத் தெரியும். நான் அதை அளந்து, பெரிய தாளில் பிளான் போட்டேன். வடக்குத் திசைக்கு அம்புக்குறி, மூலையில் பெட்டி, பெட்டிக்குள் ‘வாடிக்கையாளர்: திரு. புவனேந்திரன்’. அடுப்பு, சிங்க், பிரிட்ஜ் மூன்றையும் கோடிட்டு இணைத்தால் ஒரு முக்கோணம் வரும். சமைக்கிறவர் அந்த முக்கோணத்துக்குள் எவ்வளவு குறைவாக நடக்கிறாரோ அவ்வளவு நல்ல குசினி. இது உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட உண்மை. எங்களிடம் பிரிட்ஜ் இல்லை. இருந்தாலும் விஞ்ஞானத்துக்காக ஓர் இடம் ஒதுக்கினேன்.

அப்பா தாளைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். நான் அதை நேராக்கிக் கொடுத்தேன். மறுபடியும் பார்த்தார்.

“இதுல ஒங்கம்மா எங்கடா?”

“பிளான்ல ஆளு வரைய மாட்டாங்கப்பா.”

“அப்ப அவ நிக்குற எடம் ஒனக்கு எப்பிடித் தெரியும்?”

“அதுக்குத்தான் முழங்கை,” என்று என் விதியை விளக்கினேன். அப்பா அதை அப்படியே பிடித்துக்கொண்டார். அவ்வளவு அக்கறையாக என் பேச்சை அவர் அதற்கு முன் கேட்டதே இல்லை. ஒரே சிக்கல், அளக்க வேண்டிய முழங்கை குவைத்தில் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வீடியோ கோலில் அம்மா வந்தாள். பின்னால் அவள் வேலை செய்யும் வீட்டின் சமையலறை. சலவைக்கல் மேடை, தொங்கும் விளக்குகள், எங்கள் லயத்தில் நாலு வீட்டை உள்ளே தள்ளிவிடலாம் போலிருந்தது.

“செருப்பக் கழட்டு,” என்றார் அப்பா, எடுத்த எடுப்பில்.

“எதுக்குங்க?”

“அளவு எடுக்கணும். நம்ம வீட்ல என்ன, செருப்போடயா சமைப்ப? கழட்டு.”

அம்மா கழற்றினாள். போனை எங்கேயோ சாய்த்து வைத்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றாள். திரையில் அம்மா சின்னதாகத் தெரிந்தாள்.

“இப்ப கைய மடக்கு. முழங்கை எத்தனாவது டைல்ஸுக்கு வருது?”

“கீழருந்து மூணாவது முடியுற எடத்துல.”

“ஒரு டைல்ஸ் எத்தன அங்குலம்?”

“நான் இங்க டைல்ஸத் தொடைக்க வந்தேங்க. அளக்க வரல.”

நான் சிரித்துவிட்டேன். அப்பா சிரிக்கவில்லை. பரீட்சை எழுதுகிறவர் மாதிரி முகத்தை வைத்திருந்தார். “ஒன் சாணால அளந்து சொல்லு,” என்றார். அம்மா குனிந்து சுவரில் கையை விரித்து வைத்தாள். “ஒரு டைல்ஸுக்கு ரெண்டு சாண், சரியா இருக்கு.”

“ஆனா அம்மாவோட சாண் எவ்வளவுன்னு தெரியணுமேப்பா,” என்றேன்.

“எனக்குத் தெரியும்.” அப்பா தன் இடது கையை விரித்தார். கட்டை விரல் நுனியிலிருந்து அளந்துகொண்டே போய், சுண்டுவிரலின் நடு ரேகையில் நிறுத்தினார். “இதுவரைக்கும் வரும். இந்தா, டேப்ப வை.”

வைத்தேன். அளவியல் பாடப்புத்தகத்தில் இந்த முறை இல்லை. ஆகவே கணக்கைக் குறித்துக்கொண்டு தாளைப் பார்த்தபடியே இருந்தேன்.

அம்மா மறுபடி போனுக்குப் பக்கத்தில் வந்தாள். முகம் திரை முழுக்க நிறைந்தது. “வேற ஏதாச்சும் கேக்கணுமா என்கிட்ட?”

“இல்ல, இல்ல. அது போதும்,” என்றார் அப்பா.

அம்மா குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். “சரி. அப்ப வைக்கிறேன்.”

அன்றே அப்பா கரிச்சுவரில், அம்மாவின் முழங்கைக்கு நாலு விரல் கீழே வரும் உயரத்தில், சோக்கால் கோடு போட்டார். கறுப்புச் சுவரில் வெள்ளைக் கோடு நன்றாகவே எடுப்பாக இருந்தது. அத்தோடு விட்டாரா? இல்லை. முழங்காலை மடித்து அம்மாவின் உயரத்துக்கு இறங்கி, கோட்டின் முன்னால் நின்று காற்றில் மாவு பிசைந்தார். காற்றில் ரொட்டி தட்டினார். ஒரு பக்கமாகத் திரும்பிக் காற்றில் பாத்திரம் கழுவினார். “இடுப்பு புடிக்காது,” என்று திருப்தியாகத் தலையாட்டினார். அடுத்த இதழுக்காக நான் அந்தக் கோலத்தைப் பென்சிலில் வரைந்துகொண்டேன். படத்தின் கீழே ‘சங்கத் தலைவர் உடற்பயிற்சியில்’ என்று எழுதினேன்.

அம்மா வந்தாள். நானும் அப்பாவும் வேன் பிடித்துப் போய் அழைத்து வந்தோம். ஆள் மெலிந்திருந்தாள். என் தலையைத் தடவிப் பார்த்து, “எண்ணெய் வைக்கிறதே இல்லையா?” என்றாள். வீட்டுக்கு வந்ததும் அப்பா ஓடிப்போய்ச் சாயத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்தார். பால் சேர்க்காத, இஞ்சி தட்டிப்போட்ட தேயிலை. நாற்காலியையும் இழுத்துப் போட்டார். அம்மா அந்த நாற்காலியைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். துடைத்துவிட்டு, அதன் பக்கத்தில் நின்றுகொண்டே குடித்தாள். இரவுச் சாப்பாட்டையும் நின்றுகொண்டே சாப்பிட்டாள். “ஒக்காரு கலா,” என்று அப்பா சொன்னதும் உட்கார்ந்தாள். யாரோ கூப்பிட்டது போல உடனே எழுந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் அப்பா அவளைக் குசினிக்கு அழைத்துப் போய்க் கோட்டைக் காட்டினார். அம்மா செருப்பில்லாமல் நின்று கையை மடக்கி, முழங்கைக்கும் கோட்டுக்கும் நடுவே நாலு விரலை வைத்தாள். நாலு விரலும் அச்சாகப் பொருந்தின.

“ரொம்ப சரியா இருக்குங்க,” என்றாள்.

அப்பா அன்றைக்கு வேலைக்குப் போகும்போது விசிலடித்தார். அவருக்கு விசிலடிக்க வராது என்பதும் அன்றுதான் தெரிந்தது.

அவர் போனதும் அம்மா என்னைக் கூப்பிட்டாள். “இங்க வந்து நில்லு. கைய மடக்கு.”

“அம்மா, விதி என்னன்னா, வீட்டுப் பொம்பளையோட முழங்கைதான்…”

“ஒன் விதி ஒரு பக்கம் இருக்கட்டும். மடக்கு.”

மடக்கினேன். என் முழங்கைக்குக் கீழே நாலு விரல் வைத்து, அங்கே ஒரு கோடு போட்டாள். பிறகு ஈரத்துணியை எடுத்து அப்பாவின் கோட்டைத் துடைத்தாள். துணியோடு கரியும் சேர்ந்து வந்ததில், கோடு இருந்த இடம் முன்பைவிட வெள்ளையாகிவிட்டது. அம்மா அதைப் பார்த்து, “ச்சே,” என்றாள்.

“யாருக்கும்மா இது?”

“ஒனக்கும் ஒங்கப்பாவுக்கும்தான். ரெண்டு பேரும் ஒரே ஒசரம்.” அதற்குள் நல்லம்மா அக்கா வேலியிலிருந்து கூப்பிட, அம்மா போய்விட்டாள்.

நான் சுவருக்கு முன்னால் நின்றேன். கணக்கு மிகவும் எளிதாக இருந்தது. இந்த வீட்டில் இனி சமைக்கப்போவது நானும் அப்பாவும் என்றால், அம்மா இங்கே இருக்கப்போவதில்லை. போவதற்கு முன், எங்களுக்கு இடுப்பு பிடிக்காமல் இருக்க ஏற்பாடு செய்கிறாள்.

அப்பா வேலை முடிந்து வந்தார். குசினிக்குள் போனார். இரண்டு கோடுகளையும் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் என் முழங்கையைப் பார்த்தேன். அவர் அடுப்படியில் குந்தி மாவு பிசைந்து ரொட்டி தட்டினார். முதல் ரொட்டி கருகியது. இரண்டாவதும் கருகியது. அவர் எந்த ரொட்டியிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தக் குசினியில் அதுவரை நான் கேட்டதிலேயே பயங்கரமான சத்தம் அதுதான்.

விடிந்ததும் ஸலீம் பாஸ் பலகைகளோடு வந்துவிட்டார். எங்கள் பக்கத்தில் மேசனை ‘பாஸ்’ என்றுதான் கூப்பிடுவோம்; மேசன் வேலை என்றால் அவர்தான். மேடைக்குக் கொங்கிரீட் போடுமுன் சுவரோரம் பலகை அடிக்க வேண்டும். சுவரைப் பார்த்ததும் நின்றார்.

“தம்பி, ரெண்டு கோடு கெடக்குதே. எதுல பலகை அடிக்க?”

நான் அப்பாவைப் பார்த்தேன்.

“மேல உள்ளதுல,” என்றார் அப்பா.

“மேல உள்ளதா? அக்கா கட்டையான ஆள் இல்லையா? சட்டிக்குள்ள என்ன கெடக்குன்னு பாக்க முக்காலி போட்டு ஏற வேணுமே.”

“அவ பாக்க மாட்டா பாஸ்.” அப்பா குரலைத் தாழ்த்தினார். “அவ போயிருவா.”

தகரக் கூரைக்குக் கீழே தாழ்ந்த குரலுக்கு மதிப்பில்லை. கூரை அதை வாங்கி எல்லாப் பக்கமும் கொடுத்துவிடும். வாசலில் அம்மா, பாஸுக்குத் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்றிருந்தாள்.

“யாரு போறா?”

அப்பா கூரையைப் பார்த்தார். “நீதான். புள்ளையோட கைக்கு அளவு போட்டியே.”

“அளவு போட்டா, போறேன்னு அர்த்தமா?”

“பின்ன?”

“பின்ன, நீங்க ரெண்டு பேரும் சமைக்கப் போறீங்கன்னு அர்த்தம். நான் இனி வரமாட்டேன்னு மேடத்துக்கிட்டச் சொல்லிட்டுத்தானே பிளேன் ஏறுனேன்.”

அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்து, மறுபடி அதே தோளில் போட்டார். “என்கிட்ட ஏன் சொல்லல?”

“நீங்க எங்க கேட்டீங்க? செருப்பக் கழட்டுன்னீங்க. டைல்ஸ எண்ணுன்னீங்க. வேற ஏதாச்சும் கேக்கணுமான்னு நானே கேட்டேன். போதும்னீங்க.”

ஸலீம் பாஸ் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, ஏற்கெனவே அளந்த பலகையை மிகுந்த கவனத்தோடு இன்னொருமுறை அளந்தார்.

“கேட்டா போறேன்னு சொல்லிருவியோன்னு…” என்றார் அப்பா. அந்த வாக்கியமும் பாதியில் நின்றது. ஆனால் இந்தத் தடவை அது போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அம்மா கோப்பையை ஜன்னல் விளிம்பில் வைத்தாள்.

“அந்த வீட்டுக் குசினியில எல்லாம் இருந்துச்சுங்க. ஒக்கார ஒரு முக்காலி இல்ல. ஒரு நாளு கூட ஒருத்தரும் ஒக்காருன்னு சொல்லல. இப்ப நீங்க சொன்னாலும் காலு மடங்க மாட்டேங்குது.” பிறகு என்னிடம் திரும்பினாள். “நாளைக்குப் பெரட்டுல பேரு குடுத்துட்டு மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகப் போறேன். காத்தாவது வரும். கொழுந்து நிறுத்துட்டு வந்தா நான் ஒக்காரணும். நீ போட்ட படத்த எடு. நான் எங்க ஒக்கார்றேன், காட்டு.”

தாளை விரித்தேன். அடுப்புக்கு இடம் இருந்தது. சிங்குக்கு இடம் இருந்தது. பிரிட்ஜுக்கு இடம் இருந்தது, பிரிட்ஜ் இல்லை. அம்மா இருந்தாள், இடம் இல்லை.

“சாயத்தண்ணி வருமாங்க?” என்று அம்மா அப்பாவிடம் கேட்டாள்.

“வரும்,” என்றார் அப்பா, கேள்வி முடிவதற்குள்.

“சனி ஞாயிறு இவரு?” இவர் என்றது என்னை. அம்மா மரியாதை கொடுத்தால் ஆபத்து.

“அம்மா, விஞ்ஞானப்படி பாத்தா ஆம்பளையோட முழங்கை…”

“மடக்குன்னு சொன்னதும் மடக்குனியே. அப்பவே ஒத்துக்கிட்ட.”

“தம்பி, விஞ்ஞானத்தப் பொறகு பாப்பம்,” என்றார் ஸலீம் பாஸ். “பலகை என் தோள்ல கெடக்கு.”

நான் அழிறப்பரை எடுத்தேன். முதலில் பிரிட்ஜ் போனது. அதோடு முக்கோணமும் போனது. ஜன்னலுக்குக் கீழே, பாதையும் எதிர்மலையும் தெரிகிற பக்கமாக ஒரு பெஞ்சு வரைந்தேன். சாய்ந்துகொள்ளச் சுவர், கால் நீட்ட இடம். பிளானில் ஆள் வரையக் கூடாது. பெஞ்சின் மேல் ஒரு சின்ன வட்டம் மட்டும் போட்டு வைத்தேன்.

அப்பா எனக்கு எதிரே நின்று எட்டிப் பார்த்தார். தாள் தலைகீழாகத்தான் இருந்தது அவருக்கு. ஆனாலும் கண்டுபிடித்துவிட்டார்.

“கொண்டை போடுடா,” என்றார்.

போட்டேன்.

இப்போது மேடை உலர்ந்து, வழவழவென்று சீமெந்து பூசி முடிந்துவிட்டது. சுவருக்கு வெள்ளை அடித்தாகிவிட்டது. ஜன்னலுக்குக் கீழே பெஞ்சு. தொடக்கத்தில் அம்மா அதன் விளிம்பில்தான் உட்கார்ந்தாள், பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் நெருங்கியவள் மாதிரி. போன வாரம் முதுகைச் சுவரில் சாய்த்தாள் என்று அப்பா எனக்குப் போன் எடுத்துச் சொன்னார். அதைச் சொல்வதற்காக மட்டும் எடுத்தார்.

இன்றைக்குச் சனிக்கிழமை. அப்பா இன்னும் பேக்டரியில் இருக்கிறார். அம்மா மலையிலிருந்து வந்து, முகம் கழுவி, பெஞ்சில் கால்களைத் தூக்கிப் போட்டுக்கொண்டு சாயத்தண்ணி குடிக்கிறாள். வெளியே நல்லம்மா அக்கா யாரையோ ஏசிக்கொண்டே போகிறாள். மாவில் தேங்காய்ப்பூவும் உப்பும் போட்டுப் பிசைந்தேன். மேடை முழங்கைக்கு நாலு விரல் கீழே இருப்பதால் இடுப்பு பிடிக்கவில்லை. ரொட்டி வட்டமாக வரவில்லை. ஆனால் வட்டத்தைத் தெரிந்த ஒருவர் தட்டியது என்று சொல்லலாம்.

கல்லில் போட்டேன். திரும்பி அம்மாவைப் பார்த்தேன். கோப்பை மடியில் இருக்க, தலை சுவரில் சாய்ந்து, கண் மூடியிருந்தது.

ரொட்டியின் ஓரத்திலிருந்து புகை கிளம்பியது. தோளிலிருந்த துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு அதை மெதுவாகத் திருப்பிப் போட்டேன்.

“ஒண்ணும் ஆகல,” என்றேன், அம்மாவுக்குக் கேட்காதபடி. “ஒண்ணும் ஆகல.”